கணக்கில் 'கறை' என்று எழுதப்பட்ட சுவர்: மண்டபச் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

மண்டபச் செயலவையின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் அனைவருக்கும்,

நம் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒட்டப்பட்ட செலவுக் கணக்கின் பதினோராம் வரியில், "மேற்குச் சுவர்க் கறை நீக்கம், வெள்ளைப் பூச்சு: 1,380 ரிங்கிட்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரில் இருபத்து நான்கு அடி நீளமும் ஒன்பது அடி உயரமும் கொண்ட ஓர் ஓவியம் இருந்தது. 2015ஆம் ஆண்டில், அப்போதைய செயலவை கேட்டுக்கொண்டதன்பேரில், ஏழு மாதம் கூலியின்றி உழைத்து அதை வரைந்தவன் நான். அதை மூடுவதற்கு முன் என்னிடம் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது, பூசிய வெள்ளை திட்டுத்திட்டாகச் சிவந்து வருவதால், சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் செங்கல் தெரியச் சுரண்டிக் கொட்டிவிட்டு, சிமெண்டு பூசி, பூ அச்சிட்ட சுவர்த்தாள் ஒட்டுவதென்று நீங்கள் தீர்மானித்திருப்பதாகவும், தீபாவளி முடிந்த கையோடு வேலை தொடங்கும் என்றும் அறிகிறேன். அலுவலகத்தில் இருமுறை கடிதம் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஆகவே மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெள்ளையடித்த வாரத்தில் நான் வலக்கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில், வேளைக்கு வேளை சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பத்தாம் நாள் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்தேன். புரை எடுத்த கண்ணுக்குச் சில நாள்கள் வெள்ளையெல்லாம் நீலம் பாய்ந்து பளீரென்று தெரியும் என மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். அதனால் மண்டபத்துக் கதவைத் திறந்து மேற்கே பார்த்தபோது எனக்குத் திடுக்கிடவே தோன்றவில்லை. கண் கூசுகிறது என்று நினைத்தேன். இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு வலக்கண்ணை மூடிப் பார்த்தேன். கடைசியில் கிட்டே போய்ச் சுவரில் கை வைத்தேன். சுண்ணாம்புச் சுவரைத் தொட்டால் விரலில் மாவு ஒட்ட வேண்டும்; என் விரல் வழுக்கியது. கல்யாணப் பாத்திரங்கள் வைக்கும் இரும்பு அலமாரியை நகர்த்த ஆள்களுக்குச் சோம்பல் போலும், அதன் பின்னால் ஒன்றரை அடி அகலத்துக்கு ஓவியம் அப்படியே இருக்கிறது. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு காலணியும், படைவீரர் சாப்பிடும் தகரப் பாத்திரமான மெஸ் டின்னைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரியும். சோம்பலுக்கு நான் நன்றி சொன்னது வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான்.

இப்போதைய செயலவையில் பாதிப்பேர் அந்தச் சுவரின் முன் நின்று பார்த்தவர்கள் அல்லர் என்பதால், மூடப்பட்டது எது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை விட்ட பின்மாலை, காட்டாற்றங்கரை, ஆறு படைவீரர்கள். ஒருவர் மெஸ் டின்னைக் கழுவுகிறார். ஒருவர் காலுறையைப் பிழிந்துவிட்டுக் கணுக்காலில் அட்டை இருக்கிறதா என்று தேடுகிறார். இருவர் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் புகைக்கிறார்கள். ஒருவர் மரத்தில் சாய்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். வலக்கோடியில் ஒருவர் படுத்திருக்கிறார். அவரது இடக்கால் முழங்காலுக்குக் கீழே துணியால் சுற்றப்பட்டு, சுற்றிய இடத்தோடு முடிந்துவிடுகிறது. யாரும் யாரையும் சுடவில்லை. கொடி இல்லை, வீரவணக்கம் இல்லை. இவ்வளவுதான் படம்.

என்னைப் பற்றி, இந்த விஷயத்துக்கு வேண்டிய அளவே சொல்கிறேன். என் தந்தையார் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். நான் 1975இல், இருபதாம் வயதில், ரேஞ்சர் படையில் சேர்ந்தேன். அரச மலாய்ப் படைப்பிரிவில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேர முடியும் என்பதால், தோட்டத்துப் பிள்ளைகள் காலாட்படைக்குப் போவதென்றால் ரேஞ்சருக்குத்தான் போனோம். அங்கே சரவாக் பூர்வகுடியினரான ஈபான்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் பாஷா என்னும் ஒரே காட்டுக் கொட்டகைக் கூரையின்கீழ்ப் படுத்தோம். உயிருள்ளவரை போராடுவோம் என்று பொருள்படும் "அகி ஈடுப், அகி ஙெலாபான்" என்ற ஈபான் மொழி முழக்கம், என் தாய்மொழிக்கு அடுத்தபடியாக இன்றும் என் வாயில் தானாக வருகிறது. பன்னிரண்டு ஆண்டுச் சேவை முடித்து 1987இல் வெளியே வந்தேன். இருபத்தோராண்டு நிறைவு செய்யாததால் ஓய்வூதியம் கிடையாது. அது வேறு வழக்கு, அதற்கு வேறு அலுவலகங்கள் உண்டு, அதை இங்கே இழுக்க மாட்டேன்.

1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அது முடிந்து எட்டே ஆண்டுகளில், 1968இல், மீண்டும் தொடங்கி 1989 வரை இழுத்த இரண்டாம் கம்யூனிஸ்ட்டுக் கிளர்ச்சியைக் கேட்டால், அதே காலத்தில் இந்நாட்டில் வாழ்ந்த பெரியவர்களே விழிக்கிறார்கள். நகரத்தில் கடைகள் திறந்திருந்தன, சினிமா ஓடியது, தைப்பூசத் தேர் நடந்தது. சண்டை காட்டுக்குள் இருந்தது. கெரிக்கிலிருந்து ஜெலி வரை இன்று மக்கள் சிற்றுண்டிப் பொட்டலத்தோடு காரில் கடந்துபோகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்படும்வரை, அதை வெட்டியவர்களைச் சுற்றிலும் படைவீரர்கள் காவல் நின்றார்கள். நானும் அங்கே நின்றவன்.

1977இல், கெரிக்குக்கு வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டில், எனக்கு மூன்றடி முன்னால் சென்ற குலிம் பக்கத்துக்காரர் மிதித்தார். ஜெராங்காப் சாமார் என்று படையில் சொல்வோம். சருகுக்கடியில் புதைத்து வைக்கும் வெடி. ஆளைக் கொல்வதைவிடக் காலை எடுப்பதே அதை வைத்தவர்களுக்கு லாபம், ஏனென்றால் காலிழந்தவரைச் சுமக்க நாலு பேர் வேண்டும். மேகம் தாழ்ந்திருந்ததால் நூரி ஹெலிகாப்டர் மறுநாள் காலையில்தான் இறங்க முடிந்தது. அதுவரை அவர் தலை என் மடியில் இருந்தது. அவர் ஒருமுறையும் அலறவில்லை. தன் காலணி எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரவில் நான் தெரிந்துகொண்ட ஒன்றைச் செயலாளருக்குச் சொல்கிறேன். அடர்காட்டு நிழலில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது. இலைமேல் தார் சிந்தியது போலக் கறுப்பாகத்தான் தெரியும். ஓவியத்தை மூடியதற்கு "இரத்தக் காட்சி" என்று என்னிடம் வாய்மொழியாகக் காரணம் சொன்னீர்கள். அந்தச் சுவரில் ஒரு சொட்டு இரத்தமும் நான் வரையவில்லை. நீங்கள் பார்த்த சிவப்பு அந்தப் பாதையின் செம்மண். காவிக்கல் பொடியில் தீட்டியது.

ஓவியத்தை எங்கே கற்றீர்கள் என்று என்னைக் கேட்பவர்கள் ஏதாவது கல்லூரியின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். எனக்கு முதல் ஆசான் எங்கள் பிரிவின் ஈபான் கார்ப்பரல். தடம் பார்ப்பதில் அவருக்கு இணையில்லை. இலையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட வெளிர்ந்திருக்கும். ஒரு புதரில் வெளிர்ப்பக்கம் மேலே திரும்பியிருந்தால் யாரோ உரசிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது மறுபடி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு நேரத்துக்கு முன் என்று சொல்வார். ஒரே பச்சை என்று நான் நினைத்திருந்த காட்டில் ஒன்பது பச்சைகளை எனக்கு அவர் பிரித்துக் காட்டினார். உயிர் பிழைப்பதற்காகக் கற்றது அது. பின்னால் தூரிகை பிடித்தபோது வேறு எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் பார்க்கக் கற்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் ஆசான், தமிழ்ப்பட விளம்பரப் பலகைகள் வரைந்துவந்த சீனப் பெரியவர். படையிலிருந்து வந்து, இரவில் கிடங்கொன்றில் காவல் வேலையும் பகலில் தூக்கமின்மையுமாக நான் திரிந்த நாளில், சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போடும் எடுபிடியாக என்னைச் சேர்த்துக்கொண்டார். சிறு புகைப்படத்தில் ஓரங்குலக் கட்டம், பெரிய துணியில் ஓரடிக் கட்டம்; கட்டத்துக்குக் கட்டம் பார்த்து முகத்தைப் பெரிதாக்கும் வித்தை அது. கம்யூனிஸ்ட்டுகளோடு தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான 1989 டிசம்பர் 2ஆம் நாள், நான் சாரத்தின்மேல் நின்று ஒரு கதாநாயகனின் மீசைக்கு எனாமல் தீட்டிக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி வந்தது. மீசையை முடித்துவிட்டு இறங்கினேன். அன்று மாலை, கழித்துப்போட்ட பழைய பலகைத் துணியின் முதுகுப்பக்கத்தில், கட்டம் போடாமல், ஒரு காலணியை வரைந்தேன். காலணிக் கயிறு கட்டிய விதம் தவறு என்றார் பெரியவர். இல்லை, காயம்பட்டால் கத்தியால் ஒரே இழுப்பில் அறுக்கும்படி நாங்கள் இப்படித்தான் குறுக்கே நேராகக் கட்டுவோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அந்த வாரக் கூலியோடு தன் பழைய பன்றிமயிர்த் தூரிகைகளில் ஆறும் எனக்கு வந்தன. அவற்றில் இரண்டு நம் மண்டபச் சுவருக்கும் உழைத்தன.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

கல்யாண மண்டபத்தில் கால் போனவர் படம் அபசகுனம் என்றீர்கள். பெண்வீட்டார், மாப்பிள்ளைவீட்டார் மனம் எனக்கும் தெரியும். நானும் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவன். அதனால்தான் 2015இலேயே நானே யோசனை சொல்லி, சுவரின் மேல்விளிம்பில் குழாய் பதித்துத் திரை போட்டோம். சுபகாரியங்களுக்குத் திரை மூடியிருக்கும். மற்ற நாள்களில் திறந்திருக்கும். இத்தனை ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டைக் குறித்து எழுத்தில் ஒரு புகாரும் வந்ததில்லை. குழாய் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. திரைத்துணி கிழிந்ததால் கழற்றினீர்கள், புதுத்துணி வாங்கவில்லை. ஒரு திரைத்துணிக்கு ஆகும் செலவு 1,380 ரிங்கிட்டைவிடக் குறைவு என்பதைப் பொருளாளர் என்னைவிட நன்றாக அறிவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் படுத்திருக்கும் அந்தக் குலிம்காரர் 2011இல் காலமானார். அவருடைய பேத்தியின் திருமணம் 2018இல் இதே மண்டபத்தில் நடந்தபோது, திரையைத் திறந்து வைக்கும்படி கேட்டவர்கள் அந்தக் குடும்பத்தார்தாம். மணமக்கள் தாத்தாவின் காலடியில், அதாவது இருக்கிற ஒரு காலடியில், விழுந்து கும்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். அதே மண்டபத்தின் அலுவலக அறையில், அம்புப் படுக்கையில் உடலெல்லாம் தைத்துக் கிடக்கும் பீஷ்மரின் படமுள்ள நாள்காட்டி பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. அதை அபசகுனம் என்று கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆறு பேரில் நம்மவர் இருவர்தாமே, மற்றவர்கள் நம் மண்டபத்தில் எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். தமிழர் மட்டுமே கொண்ட படைப்பிரிவு எதிலும் நான் இருந்ததில்லை. இல்லாததை வரைய எனக்குத் தெரியாது.

ஓவியம் தரமானதன்று என்று யாரோ அறிந்தவர் சொன்னாராம். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஏணியில் சுவருக்கு மிக அருகே நின்று வரைந்ததால், நின்றிருக்கும் இருவரின் கால்களும் உடலுக்குக் குட்டையாக அமைந்துவிட்டன. ஆற்று நீரும் எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஆனால் முகங்கள் தவறவில்லை. அதற்குச் சான்று என்னிடம் உண்டு. கடிதம் எழுதுகிறாரே அவர் தாப்பாக்காரர். படையிலிருந்து வந்த சில ஆண்டுகளில் லாரி விபத்தில் இறந்தார். வேலை முடியும் தறுவாயில் அவர் மனைவியார், அப்போது அறுபதைத் தாண்டியவர், மகனோடு பேருந்தில் வந்து பார்த்தார். அழவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, மேலேயிருந்து மூணாவது பொத்தான் இல்லையே" என்றார். காட்டில் சட்டை கிழிந்து பொத்தான் அறுவது இயல்பு என்பதால் நான் அப்படி வரைந்திருந்தேன். "அவங்க பொத்தான் அறுந்தா அன்னைக்கே தச்சுக்குவாங்க. ஊசிநூலு எப்பவும் பர்சுல இருக்கும்" என்றார். அது எனக்கு நினைவு வந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். அந்த அம்மையார் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏணியில் ஏறிப் பொத்தானை வரைந்தேன். நாலு துளையும், குறுக்கே போட்ட நூலும் வைத்து. உங்கள் கணக்கில் கறை என்று எழுதப்பட்டதில் அந்தப் பொத்தானும் அடக்கம்.

போர்க்காட்சி ஓவியத்துக்கு உரிய பொருளா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. நம் முன்னோர் களத்தில் பட்டவனுக்குக் கல் தேடுவதில் தொடங்கி, அதை எடுத்துவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகள் வகுத்தார்கள். வெள்ளையடித்தல் என்று ஏழாவது படி எதுவும் இல்லை. இதே பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், எங்கோ நடந்த போர்களில் சிக்கிய பெண்களையும் குழந்தைகளையும் வரைந்து நாடறிந்த ஓவியரானார். முதல் உலகப்போரில் வலத்தோளில் குண்டு பாய்ந்து கை தூக்க முடியாமல் போன ஹோரஸ் பிப்பின் என்ற அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர், இடக்கையால் வலக்கை மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து வரையப் பழகினார். போர் முடிந்த நாளைப் பற்றிய தம் முதல் எண்ணெய் ஓவியத்தை 1930இல் தொடங்கி, சாயத்தின்மேல் சாயமாகப் பூசிப் பூசி, மூன்று ஆண்டுகளில் முடித்தார். என் பேரன் இதைக் கைப்பேசியில் காட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு இரண்டு கைகளும் சரியாக இருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்று இருக்கிறது. என் தாய்மாமன் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, அவர் திரும்பவில்லை. அம்மா இறக்கும்வரை அண்ணனின் முகத்தை எங்களுக்குச் சொல்லில்தான் வரைந்து காட்டினார், ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். அந்தப் பாதையில் கைதிகள் எப்படி இருந்தார்கள் என்று இன்று உலகம் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால், சிங்கப்பூரில் 1942இல் பிடிபட்ட ரொனால்ட் சர்ல் என்ற இங்கிலாந்துப் படைவீரர் ஒருவர், காவலர்களுக்குத் தெரியாமல் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து, காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கடியில் ஒளித்துக் காப்பாற்றியதும் அதற்கு ஒரு காரணம். ஏறத்தாழ 300 படங்கள் இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள், அவர்களில் பெருந்தொகையினர் நம் தோட்டத்துத் தமிழர்கள். ஆண்டுதோறும் அவர்களுக்காக இதே மண்டபத்தில் மௌன அஞ்சலி செலுத்துகிறோம். மேடையில் வைக்க ஒரு படம் இல்லையே என்று ஆண்டுதோறும் வருந்துகிறோம். அப்படி வருந்துகிற நாமே, நேரில் பார்த்த ஒருவன், பார்த்தவர்களின் முகம் மறப்பதற்குள் வரைந்து வைத்ததைச் சுரண்டிக் குப்பை லாரியில் ஏற்றப்போகிறோம்.

சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தொழில் விஷயம். இதில் என் மனத்தாங்கலுக்கு இடமில்லை. நம் மண்டபம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய கட்டடம். கடலோர மண்ணின் ஈரம் அடிச்சுவர் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். 2015இல் கடையில் விற்கும் சாயத்தை வாங்காமல் நான் சுண்ணாம்புத் தெளிவில் அதன் காரத்தைத் தாங்கும் நிறப்பொடிகளையே கரைத்துத் தீட்டியது அதனால்தான்: காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக்கரி, குரோமியம் பச்சை. பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் செத்துவிடும் என்பதால் வானத்துக்கு அல்ட்ராமரின் வாங்கினேன். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது நீங்கள் அடித்திருப்பது எமல்ஷன். அது சுவரின் மேல் பிளாஸ்டிக் தோல் போல ஒட்டிக்கொண்டு ஈரத்தை அடைக்கும். ரோலர் உருண்டபோது காவித்தூள் கிளம்பி வெள்ளையில் கலந்ததால்தான் அது இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அடுத்த மழைக்காலத்தில் உப்புப் பூத்துக் கொப்பளிக்கும். சிமெண்டு பூசினால் ஈரம் இன்னும் மேலேறும், சுவர்த்தாள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். 2008இல் உலக மரபுரிமைத் தகுதி பெற்ற இந்த ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடுகளைச் சீர்செய்யும் அனுபவமுள்ள எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் இதையே சொல்வார். மறுபக்கம், ஒரு நல்ல செய்தியும் உண்டு. மாவுபோன்ற சுண்ணாம்பின்மேல் எமல்ஷன் இறுகப் பிடிக்காது. அது முழுதாகக் கெட்டிப்படுமுன், பொறுமையுள்ள கைகள் அங்குலம் அங்குலமாக உரித்தால், கீழே இருப்பதில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். சுரண்டிவிட்டால் மீட்க ஒன்றும் இராது.

இதற்கிடையே செயலவையிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்து, 3,000 ரிங்கிட் தருவதாகவும், புதுச் சுவரில் அருவியும் இரண்டு மயில்களும் வரைந்து கொடுக்கும்படியும், ஜார்ஜ் டவுனின் லெபோ ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தின்முன் மக்கள் வரிசையில் நிற்பதுபோல நம் மண்டபத்திலும் நிற்பார்கள் என்றும் நயமாகப் பேசினார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மயில் வரைவது இழிவு என்று நான் நினைப்பதும் இல்லை. கடைத்தெருவில் என் மயில்கள் பல இருக்கின்றன. ஆனால் அந்த ஆறு பேரின் முகத்தின்மேல் நின்றுகொண்டு அதை வரைய என் கை எழாது. மறுத்துவிட்டேன்; இங்கே எழுத்திலும் மறுக்கிறேன்.

செயலவையினரிடம் நான் கேட்பவை இவை. மேற்குச் சுவரைச் சுரண்டும் தீர்மானத்தை, வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முன் வைத்து விவாதிக்கும்வரை நிறுத்தி வையுங்கள். நிறுத்தியதை இம்மடல் கிடைத்த பதினான்கு நாள்களுக்குள் எழுத்தில் எனக்குத் தெரிவியுங்கள். அதற்குமுன் சுவரில் இன்னொரு பூச்சு, ஆணி, தாள் எதுவும் ஏற வேண்டாம். அலமாரியை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர அடியை, உங்களில் இருவர் உடனிருக்க, என் செலவில் உரித்துச் சோதிக்க அனுமதி கொடுங்கள். அந்த இரும்பு அலமாரியை யாரும் தரையோடு இழுக்கக் கூடாது. நகர்த்தியே தீர வேண்டுமென்றால் காலியாக்கி, நாலு பேர் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் அதன் முதுகு அந்தக் கையையும் காலணியையும் வழித்துக்கொண்டு போகும்.

சோதனையில் மீட்க முடியும் என்று தெரிந்தால், மீட்கும் வேலைக்குக் கூலி கேட்க மாட்டேன். மண்டபத்துக்கு நிகழ்ச்சி இல்லாத நாள்களும் ஓர் ஏணியும் போதும். முடியாது என்று தெரிந்தால், எஞ்சியுள்ள ஒன்றரை அடியைப் படமெடுக்கவும் தாள் வைத்துப் பிரதி எடுக்கவும் எனக்கு ஒரு வாரம் தர வேண்டும்; அதன்பின் அதே ஓவியத்தை, கால்களைச் சரியான நீளத்தில், மண்டபத்தின் வேறொரு சுவரில் மீண்டும் வரைய இடம் ஒதுக்க வேண்டும். எனக்கு எழுபது ஆகிறது. இடக்கண்ணிலும் புரை வளர்கிறது. ஆகவே இடத்தைச் சீக்கிரம் ஒதுக்குங்கள். எப்படியானாலும் புதிய திரைத்துணி ஒன்று வாங்குங்கள். சுபகாரிய நாள்களில் அது மூடியிருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

படத்திலுள்ள ஆறு பேரின் குடும்பங்களில் நான்கோடு எனக்குத் தொடர்பு இருக்கிறது. முகவரிகளை அலுவலகத்தில் கொடுக்கிறேன். தாப்பாவிலுள்ள அம்மையார் இன்னும் இருக்கிறார். நடந்ததைச் செயலவையே அவர்களுக்குக் கடிதத்தில் சொல்ல வேண்டும். அதை நான் சொல்வது முறையன்று. இனிமேல் மண்டபத்திலுள்ள படம், கல்வெட்டு, பெயர்ப்பலகை எதையும், அதைச் செய்தவருக்கோ அதில் இடம்பெற்றவர் குடும்பத்துக்கோ எழுத்தில் தெரிவிக்காமல் அகற்றுவதில்லை என்று ஒரு வரியை மண்டப விதிகளில் சேர்க்கும்படியும் கேட்கிறேன்.

செலவழிந்த 1,380 ரிங்கிட்டை யாரும் திருப்பித் தர வேண்டாம். ஆனால் கணக்குத் தாளின் பதினோராம் வரியில் 'கறை நீக்கம்' என்பதை அடித்துவிட்டு, 'ஓவியத்தை மூடுதல்' என்று எழுதி, அதனருகே தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்டு, திருத்திய தாளை அதே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மேற்குச் சுவரை வரைந்தவன்,
முன்னாள் ரேஞ்சர் படைவீரன்,
பட்டர்வொர்த், பினாங்கு.